தேயிலை மலைக்கு வந்த தாரகை: விவியன் லீயின் வாழ்வும் நமது மலையகமும்

ஹட்டனிலிருந்து கினிகத்தேனை ஊடாகக் கொழும்புக்கு இறங்கும் பாதையில் கித்துல்கலையை அடைந்ததும், பேருந்தில் இருப்போருள் எவரேனும் ஒருவர் களனி கங்கையைச் சுட்டிக்காட்டி, வெள்ளைக்காரர் பாலம் கட்டி உடைத்துப் படம் பிடித்த கதையைச் சொல்வதுண்டு. டேவிட் லீன் இயக்கி 1957 இல் வெளிவந்து ஏழு ஒஸ்கார் விருதுகளை வென்ற 'த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்' அவ்வாறு நமது மக்களின் நினைவில் நிலைபெற்றுவிட்டது. ஆனால், அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னர், 1953 இன் தொடக்கத்தில், தேயிலைத் தோட்ட வாழ்வையே கதைக்களமாகக் கொண்ட மற்றொரு ஹொலிவூட் படத்தில் நடிப்பதற்காக உலகப் புகழ்பெற்ற நடிகை ஒருவர் இலங்கைக்கு வந்தார் என்பது பெரிதும் பேசப்படுவதில்லை. அவர்தான் விவியன் லீ.

தேயிலை மலை அவருக்குப் புதியதன்று. விவியன் மேரி ஹார்ட்லி என்ற இயற்பெயருடைய அவர் 1913 நவம்பர் 5 ஆம் திகதி டார்ஜிலிங்கில் பிறந்தார். தந்தையார் கல்கத்தாவில் தரகு நிறுவனம் ஒன்றில் பணிபுரிந்த ஆங்கிலேயர். முதலாம் உலகப் போர்க் காலத்தில் தந்தையார் குதிரைப்படை அதிகாரியாகப் பெங்களூருக்குச் சென்றபோது, தாயும் மகளும் உதகமண்டலத்தில் தங்கினர். தாயார் சார்ந்திருந்த நாடகக் குழுவின் மேடையில் மூன்று வயதில் ஒரு மழலைப் பாடலை ஒப்புவித்ததே அவரது முதல் அரங்கேற்றமாகும். இதே நீலகிரி மலைகளில்தான், 1964 ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி உடன்படிக்கையின் கீழ் நுவரெலியா, ஹட்டன் பகுதிகளிலிருந்து அனுப்பப்பட்ட நம்மவர் குடும்பங்கள் பிற்காலத்தில் அரச தேயிலைத் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டன. ஒரே மலை ஒரு குழந்தைக்குக் கலையின் வாசலாகவும், ஆயிரக்கணக்கானோருக்கு வேரறுந்த வாழ்வின் புகலிடமாகவும் அமைந்தது.

ஆறு வயதில் அவர் இங்கிலாந்திலுள்ள கத்தோலிக்கக் கன்னியர் மடப் பாடசாலையில் சேர்க்கப்பட்டார். பின்னர் லண்டனில் நாடகக் கலை பயின்றார். 1932 இல் சட்டத்தரணி லீ ஹோல்மனை மணந்தார். அவரது பெயரில் ஒரு பகுதியே விவியனின் மேடைப் பெயரில் நிலைத்தது. 1935 இல் 'த மாஸ்க் ஒப் வேர்ச்சூ' நாடகம் அவரை ஒரே இரவில் புகழேணியில் ஏற்றியது. அடுத்து லோரன்ஸ் ஒலிவியருடன் ஏற்பட்ட காதல், இருவரது முந்தைய மணவாழ்வையும் முறித்து, 1940 இல் திருமணத்தில் முடிந்தது.

அவரை உலகறியச் செய்தது 1939 இல் வெளியான 'கோன் வித் த விண்ட்' ஆகும். ஸ்கார்லட் ஓஹாரா பாத்திரத்துக்கு ஈராண்டுகளாக நடிகையைத் தேடிய பின்னரே, அமெரிக்காவில் அதிகம் அறியப்படாதிருந்த இந்த ஆங்கிலப் பெண் தெரிவுசெய்யப்பட்டார். ஏறத்தாழ நான்கு மணிநேரம் ஓடும் அப்படத்தை இன்று பார்ப்போரும் அவரது நடிப்பில் கட்டுண்டு போகின்றனர். செல்வச் செருக்கும் சுயநலமும் மிக்க ஒரு பெண், போரில் அனைத்தையும் இழந்து, பசியோடு மண்ணைக் கிளறி நிற்கும் கட்டத்தில் அவரது முகத்தில் தோன்றும் வைராக்கியம் மொழி கடந்து விளங்குவது. அப்பாத்திரம் அவருக்கு முதலாவது ஒஸ்கார் விருதைப் பெற்றுக்கொடுத்தது.

ஆயினும், அப்படத்தின் மறுபக்கத்தையும் நாம் நோக்கியாக வேண்டும். பருத்தித் தோட்டத்து முதலாளிகளின் வீழ்ச்சிக்காகக் கண்ணீர் சிந்தும் அக்கதை, அத்தோட்டத்தில் அடிமைகளாக உழைத்த கறுப்பின மக்களைத் தமது நிலையில் மனநிறைவு கொண்டோராகவே சித்திரித்தது. பணிப்பெண்ணாக நடித்த ஹட்டி மக்டானியல், ஒஸ்கார் விருது பெற்ற முதலாவது கறுப்பினக் கலைஞர் என்ற வரலாற்றைப் படைத்தார். ஆனால், நிறவெறிச் சட்டங்கள் காரணமாக அட்லாண்டா நகரில் இடம்பெற்ற முதற்காட்சிக்கு அவரால் செல்ல இயலவில்லை. விருது விழாவிலும் சக நடிகர்களிடமிருந்து பிரிக்கப்பட்டுத் தனி மேசையிலேயே அமர்த்தப்பட்டார்.

போர்க்காலம் விவியனின் உடலையும் உள்ளத்தையும் ஒருசேரத் தாக்கியது. 1943 இல் வட ஆபிரிக்காவில் படையினருக்காக நிகழ்ச்சிகளை நடத்தித் திரும்பிய அவருக்கு 1944 இல் காசநோய் இருப்பது கண்டறியப்பட்டது. அதே ஆண்டில் கருச்சிதைவும் அதனைத் தொடர்ந்து கடுமையான மனச்சோர்வும் ஏற்பட்டன. சில வேளைகளில் கட்டுக்கடங்காத எழுச்சி, வேறு சில வேளைகளில் எழமுடியாத தளர்ச்சி என மாறிமாறி வந்த இருமுனை மனநோயை அக்காலத்தவர் பலர் நட்சத்திரத்தின் குணக்கேடாகவே கருதினர். இந்நிலையிலும் 1951 இல் 'எ ஸ்ட்ரீட்கார் நேம்ட் டிசையர்' திரைப்படத்தில், சித்தம் சிதறிப்போகும் பிளான்ச் என்ற பெண்ணாக நடித்து இரண்டாவது ஒஸ்கார் விருதை வென்றார். நடிப்பு எங்கே முடிந்தது, நோய் எங்கே தொடங்கியது என்று பிரித்தறிய முடியாத அளவுக்கு அப்பாத்திரம் அவரை உருக்கியது எனலாம்.

அதன் பின்னரே இலங்கைப் பயணம் நிகழ்ந்தது. ரொபேர்ட் ஸ்டாண்டிஷின் நாவலைத் தழுவி, வில்லியம் டீற்றர்லேயின் இயக்கத்தில் பரமவுண்ட் நிறுவனம் தயாரித்த 'எலிபன்ட் வோக்' படத்தில், ஆங்கிலேயத் தோட்டத் துரையை மணந்து இலங்கைக்கு வரும் ரூத் என்ற பெண்ணாக நடிப்பதற்கு அவர் ஒப்புக்கொண்டிருந்தார். துரையாக நடித்தவர் பீற்றர் பிஞ்ச். வெளிப்புறக் காட்சிகள் இங்கு படமாகிக்கொண்டிருந்தபோதே விவியனின் உளநிலை தளரத் தொடங்கியது. கலையக வேலைகளுக்காக ஹொலிவூட் சென்றதும் அவர் முற்றாக நிலைகுலைந்தார். இங்கிலாந்துக்குக் கொண்டுசெல்லப்பட்டு, மனநோய் மருத்துவமனையில் சிகிச்சை அளிக்கப்பட்டார். அவருக்குப் பதிலாக 21 வயதேயான எலிசபெத் டெய்லர் அப்பாத்திரத்தை ஏற்க, படம் 1954 இல் வெளிவந்தது. எனினும் இலங்கையில் எடுக்கப்பட்ட சில தூரக் காட்சிகள் நீக்கப்படவில்லை. அவற்றில் நடந்து செல்பவர் டெய்லர் அல்லர், விவியன் லீயே.

யானைகளின் வழித்தடத்தை மறித்துக் கட்டப்பட்ட பங்களாவும், அதனை மீட்கத் துடிக்கும் யானைகளும், தோட்டத்தில் பரவும் கொலராவும் அப்படத்தின் கதை. பங்களாவின் தலைமைப் பணியாளரான அப்புஹாமிக்குக் கதையில் முக்கிய இடமுண்டு. அவ்வேடத்தைப் பூண்டவரோ பர்மாவில் பிறந்த ஏப்ரகாம் சோபெயர். கொழுந்து பறிப்போருள் கதையை நகர்த்தும் பாத்திரம் எவரும் இல்லை. அவர்கள் மலைச்சரிவைப் போலவும் மழையைப் போலவும் பின்னணியாகவே நிற்கின்றனர்.

படப்பிடிப்புக் குழுவினர் இங்கு வந்த காலத்தை எண்ணிப் பார்த்தால் இதன் கனம் விளங்கும். 1947 ஆம் ஆண்டுத் தேர்தலில் நுவரெலியாத் தொகுதியில் சௌமியமூர்த்தி தொண்டமானைத் தெரிவுசெய்த மக்கள், 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தாலும் அதனையடுத்து வந்த சட்டங்களாலும் நாடற்றோராக்கப்பட்டு வாக்குரிமையையும் இழந்தனர். 1949 இன் சட்டம் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் என்றே தன் பெயரில் குறித்தது. தோட்டத் தொழிலாளரும் அந்நாடுகளிலிருந்து வந்து குடியிருந்த முஸ்லிம் வர்த்தகரும் ஒரே விண்ணப்ப வரிசையில் நிறுத்தப்பட்டனர். 1952 ஆம் ஆண்டுத் தேர்தலில் வாக்களிக்க இயலாத தோட்ட மக்கள் சத்தியாக்கிரகத்தில் இறங்கினர். அதற்கு அடுத்த ஆண்டே படக்கருவிகள் வந்தன. நாட்டின் இடாப்பில் இடமில்லாத மக்களுக்குக் கதையிலும் இடம் கிடைக்கவில்லை. 2003 ஆம் ஆண்டின் சட்டம் வரை அவர்களுள் எஞ்சியோரின் நாடற்ற நிலை நீடித்தது.

இதற்காக விவியன் லீயைக் குறைகூறுதல் முறையன்று. கதையை எழுதியவரும் அவரல்லர். அப்படத்தை முடிக்கும் வாய்ப்பும் அவருக்குக் கிட்டவில்லை. மின்னதிர்ச்சிச் சிகிச்சை பெற்றுக்கொண்டே அவர் மேடைக்கு மீண்டும் மீண்டும் திரும்பினார். 1957 இல் லண்டனின் பழம்பெரும் சென் ஜேம்ஸ் அரங்கை இடிப்பதற்கு எதிராகப் பிரபுக்கள் சபையின் பார்வையாளர் பகுதியிலிருந்தே குரல் எழுப்பினார்; அரங்கு காப்பாற்றப்படவில்லை. 1960 இல் ஒலிவியருடனான மணவாழ்வும் முறிந்தது. 1965 இல் வெளியான 'ஷிப் ஒப் பூல்ஸ்' அவரது இறுதித் திரைப்படமாயிற்று. 1967 ஜூலையில், 53 ஆவது வயதில், காசநோய் அவரது உயிரைப் பறித்தது. லண்டன் நாடக அரங்குகள் தம் வெளிவிளக்குகளை ஒரு மணிநேரம் அணைத்து அஞ்சலி செலுத்தின.

பழைய ஹொலிவூட் படங்களைச் சுவைப்பதற்கு நாம் கூச வேண்டியதில்லை. அவற்றைக் கண்மூடி வியக்கவும் வேண்டியதில்லை. நடிகையின் திறனுக்குத் தலைவணங்கும் அதேவேளை, அவருக்குப் பின்னால் கூடையுடன் நிற்பவர் யார் என்று கேட்பதே முழுமையான இரசனையாகும். உளநோயைக் குணக்கேடென்றும் பேய்பிடித்ததென்றும் ஒதுக்கும் வழக்கம் இன்னும் மறையாத நமது சமூகத்துக்கு, இந்த நடிகையின் வாழ்வே ஒரு பாடமாகும்.

மலையக மக்களின் 200 ஆண்டு வரலாற்றை 2023 இல் நாம் நினைவுகூர்ந்தோம். 1953 இல் இருபது வயதில் கொழுந்து பறித்தோர் இன்று தொண்ணூறைக் கடந்தவர்கள். நமது பாடசாலைகளும் பொது நூலகங்களும் 'எலிபன்ட் வோக்' படத்தைத் திரையிட்டு, அம்முதியோரை முன்வரிசையில் அமர்த்தி, அக்காலத்துத் தோட்ட வாழ்வைப் பற்றி அவர்கள் கூறுவதைப் பதிவுசெய்தல் வேண்டும். அதற்கான காலம் மிகக் குறைவாகவே எஞ்சியுள்ளது.