ஒரே ஓட்டில் தப்பிய ஜனாதிபதி

ஊசியில் நூல் கோத்து வயிறு வளர்த்த ஒரு சிறுவன், பின்னாளில் அமெரிக்காவின் ஜனாதிபதி ஆனான். அந்தப் பதவியில் இருந்து அவரை விரட்ட ஒரு பெரிய கட்சியே கங்கணம் கட்டிக்கொண்டது. ஒரே ஒரு ஓட்டில் அவர் தப்பினார்.

அவர்தான் ஆண்ட்ரூ ஜான்சன்.

அவரை விரட்ட முயன்ற கட்சிக்கு அதனால் தேர்தலில் லாபமா, நட்டமா? அது அவருடைய கதையிலேயே இருக்கிறது.

பத்து டாலர் பரிசு!

1808-ம் ஆண்டு டிசம்பர் 29-ந் தேதி, வட கரோலினா மாநிலத்தில் ராலே என்ற ஊரில் ஜான்சன் பிறந்தார். மூன்று வயதில் தந்தையை இழந்தார். தாய் துணி நெய்தும், அழுக்குத் துணி வெளுத்தும் பிள்ளைகளைக் காப்பாற்றினார்.

பள்ளிக்கூட வாசற்படியை ஜான்சன் மிதித்ததே இல்லை. ஒரு தையற்காரரிடம் தொழில் பழக விட்டார்கள். 21 வயது வரை அங்கேயே வேலை செய்யவேண்டும் என்று ஒப்பந்தம். அந்தக் கடைக்கு ஒருவர் வந்து, தைப்பவர்களுக்குப் புத்தகம் படித்துக் காட்டுவார். கேட்கக் கேட்க, ஜான்சனுக்கும் படிக்க ஆசை பிறந்தது. மெல்ல மெல்ல எழுத்துக் கூட்டப் பழகினார்.

15 வயதில் அண்ணனுடன் ஓடிப்போனார். பிடித்துக் கொடுப்பவர்களுக்குப் பத்து டாலர் பரிசு தருவதாக முதலாளி பத்திரிகையில் விளம்பரம் செய்தார்!

மனைவியே ஆசிரியை

பின்னர் டென்னசி மாநிலத்தில் கிரீன்வில் என்ற ஊரில் சொந்தமாகத் தையற்கடை வைத்தார். 1827-ல் எலிசா என்ற பெண்ணை மணந்தார். மணமகனுக்கு 18 வயது; மணமகளுக்கு 16.

எலிசா படித்த பெண். கணவருக்கு எழுதவும், கணக்குப் போடவும் கற்றுக் கொடுத்தது அவர்தான். கணவர் தைத்துக்கொண்டு இருப்பார். மனைவி பக்கத்தில் உட்கார்ந்து படித்துக் காட்டுவார். கல்யாணத்துக்குப் பிறகு எழுதப் பழகிய மனிதர் நாட்டையே ஆண்டார் என்றால், அதில் பாதிப் பெருமை அந்த அம்மையாருக்குச் சேரவேண்டும்.

தையற்கடையில் ஊர்க்காரர்கள் கூடி அரசியல் பேசினார்கள். அங்கிருந்து ஜான்சன் மளமளவென்று ஏறினார். நகரசபை உறுப்பினர், மேயர், மாநில சட்டசபை, பிரதிநிதி சபை, கவர்னர், செனட்டர்!

1861-ல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. தென் மாநிலங்கள் பிரிந்து போயின. அவற்றின் செனட்டர்களும் வெளியேறினார்கள். ஜான்சன் ஒருவர் மட்டும் அசையவில்லை. அவர் ஜனநாயகக் கட்சிக்காரர். ஆனாலும், குடியரசுக் கட்சியைச் சேர்ந்த லிங்கன் 1864 தேர்தலில் அவரைத் துணை ஜனாதிபதியாக நிறுத்தித் தம்முடன் சேர்த்துக்கொண்டார். இருவரும் வென்றார்கள்.

பதவி ஏற்ற அன்றே ஜான்சன் பெயரைக் கெடுத்துக்கொண்டார். உடம்பு சரியில்லை என்று விஸ்கி குடித்துவிட்டு வந்து, சபையில் உளறிக் கொட்டினார். ஆறு வாரம் கழித்து லிங்கன் சுட்டுக் கொல்லப்பட்டார். ஜான்சன் ஜனாதிபதி ஆனார்.

மோதல்

போரின் முடிவில் கருப்பு இன மக்கள் அடிமைத்தளையில் இருந்து விடுபட்டார்கள். அவர்களுக்கு உரிமை வழங்கச் சட்டம் செய்தது காங்கிரஸ். (அமெரிக்கப் பாராளுமன்றத்துக்குக் காங்கிரஸ் என்று பெயர்.) ஜான்சன் அந்தச் சட்டங்களுக்குச் சம்மதிக்க மறுத்தார். கலகம் செய்த தென்னாட்டாருக்கோ தாராளமாக மன்னிப்பு வழங்கினார். வறுமையில் பிறந்தவர், தம்மைவிட நசுக்கப்பட்டவர்களுக்கு இரங்கவில்லை. அவரும் ஒரு காலத்தில் அடிமைகளை விலைக்கு வாங்கியவர்தான். அவர் வாழ்க்கையில் இது அழியாத கறை.

1866-ல் ஊர் ஊராக ரெயிலில் போய்ப் பேசினார். கூட்டத்தில் கேலி செய்தவர்களுடன் மல்லுக்கு நின்றார். ஜனாதிபதி இப்படிப் பேசலாமா என்று ஜனங்கள் முகம் சுளித்தார்கள். அந்த ஆண்டுத் தேர்தலில் குடியரசுக் கட்சி இரண்டு சபைகளிலும் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் இடங்களைப் பிடித்தது.

இதைக் கவனிக்கவேண்டும். இந்த வெற்றியை அவர்களுக்குத் தேடிக் கொடுத்தது ஜான்சனின் நாக்கு. விசாரணைப் பேச்சு முற்றியது அதற்குப் பிறகுதான்.

35க்கு 19

செனட் சம்மதம் இல்லாமல் மந்திரிகளை நீக்கக்கூடாது என்று 1867-ல் ஒரு சட்டம் வந்தது. 1868 பிப்ரவரியில் யுத்த மந்திரி ஸ்டாண்டனை ஜான்சன் நீக்கினார். ஸ்டாண்டன் போகவில்லை. ஆபீசிலேயே கதவை அடைத்துக்கொண்டு வாரக்கணக்கில் குடியிருந்தார்!

மூன்றே நாளில், பிப்ரவரி 24-ந் தேதி, பிரதிநிதி சபை 126க்கு 47 என்ற ஓட்டில் ஜனாதிபதி மீது குற்றம் சாட்டியது. அமெரிக்காவில் குற்றம் சாட்டுவது கீழ்ச்சபை. விசாரித்துத் தீர்ப்புச் சொல்வது செனட். பதவியைப் பறிக்க மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும். அப்போது செனட்டர்கள் 54 பேர். தேவை 36.

விசாரணையைப் பார்க்க டிக்கெட் கொடுத்து ஆட்களை அனுமதித்தார்கள். ஜான்சன் அந்தப் பக்கம் தலை காட்டவில்லை.

மே 16-ந் தேதி ஓட்டு எடுத்தார்கள். எதிராக 35, ஆதரவாக 19. குடியரசுக் கட்சியிலேயே ஏழு பேர் ஜான்சன் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். ஸ்டாண்டனை நியமித்தவர் லிங்கன். அவருக்கு அந்தச் சட்டம் பொருந்துமா என்ற ஐயம் ஒரு பக்கம். ஜான்சன் போனால் செனட்டின் தலைவர் பெஞ்சமின் வேட் அந்த நாற்காலியில் உட்காருவார். அவரைப் பிடிக்காதவர்கள் சொந்தக் கட்சியிலேயே உண்டு.

லாபம் யாருக்கு?

சில நாளில் குடியரசுக் கட்சி மாநாடு சிகாகோவில் கூடியது. போர் வீரர் கிராண்டை ஜனாதிபதி வேட்பாளராகத் தேர்ந்தெடுத்தது. துணை ஜனாதிபதியாக நிற்க ஆசைப்பட்ட வேட் தோற்றார். அவருடைய செனட் பதவியும் அடுத்த ஆண்டு போயிற்று. கட்சி மாறி ஓட்டளித்த ஏழு பேரில் ஒருவரும் மறுபடி செனட்டுக்குத் தேர்ந்தெடுக்கப்படவில்லை.

ஜனநாயகக் கட்சியும் ஜான்சனைக் கைவிட்டு, சீமோர் என்பவரை நிறுத்தியது. நவம்பரில் கிராண்ட் வென்றார். தேர்தல் குழு ஓட்டில் 214க்கு 80. ஜனங்களின் ஓட்டில் வித்தியாசம் சுமார் 3 லட்சம்தான். புதிதாக ஓட்டுரிமை பெற்ற கருப்பு இன மக்கள் பல லட்சம் பேர் அவருக்கு ஓட்டுப் போட்டிருந்தார்கள். ஆகவே கட்சியைக் கரை சேர்த்தவை போர் வீரரின் புகழும், அந்த மக்களின் ஓட்டும். விசாரணை கட்சியைக் கவிழ்க்கவும் இல்லை. தூக்கி விடவும் இல்லை. ஜான்சனின் நாற்காலியில் உட்கார இருந்த வேட்தான் வீட்டுக்குப் போனார்.

பிற்காலத்திலும் கணக்கு ஒரே மாதிரி வரவில்லை. 1998-ல் கிளிண்டனைத் துரத்திய குடியரசுக் கட்சி, அந்த ஆண்டுத் தேர்தலில் கீழ்ச்சபையில் 5 இடங்களை இழந்தது. 2000-ல் ஜனாதிபதி பதவியைப் பிடித்தது. 2019-லும், 2021-லும் குற்றம் சாட்டப்பட்ட டிரம்ப், 2020-ல் தோற்று, 2024-ல் ஜெயித்தார்.

மீண்டும் செனட்

ஜான்சன் ஊர் திரும்பினார். சும்மா இருக்கவில்லை. 1869-ல் செனட்டுக்கு முயன்று தோற்றார். 1872-ல் பிரதிநிதி சபைக்கு நின்று தோற்றார். 1875-ல் டென்னசி சட்டசபை பல சுற்று ஓட்டெடுப்புக்குப் பிறகு அவரைச் செனட்டராகத் தேர்ந்தெடுத்தது. ஜனாதிபதியாக இருந்து, பிறகு செனட்டர் ஆனவர் அவர் ஒருவரே.

மார்ச் மாதம் அதே சபைக்குள் நுழைந்தார். மேஜை நிறையப் பூக்கள் வைத்திருந்தார்கள். சபைக்குத் தலைமை வகித்தவர் துணை ஜனாதிபதி ஹென்றி வில்சன். ஏழு ஆண்டுக்கு முன்பு ஜான்சனைக் குற்றவாளி என்று ஓட்டளித்தவர்களில் அவரும் ஒருவர்!

அந்தப் பதவியில் ஐந்து மாதம்கூட இருக்கவில்லை. ஜூலை 31-ந் தேதி, மகள் வீட்டில் ஜான்சன் இறந்தார். உடலை அமெரிக்கக் கொடியில் சுற்றி, தலைக்கு அடியில் அரசியல் சட்டப் பிரதியை வைத்து, கிரீன்வில் ஊருக்கு அருகே ஒரு குன்றில் அடக்கம் செய்தார்கள். ஆறு மாதத்துக்குள் எலிசாவும் இறந்தார். கணவரின் பக்கத்திலேயே அவருக்கும் இடம் கொடுத்தார்கள்.