குடிசைப் பகுதியில் குடியேறின ஊழியக்காரர்

ஜப்பான் தேசத்திலே தேவன் எழுப்பின டொயோஹிகோ ககாவா என்ற ஊழியக்காரரின் ஜீவியத்தை இம்மாதம் பார்ப்போம்.

1888-ம் ஆண்டு கோபே என்ற துறைமுகப் பட்டணத்தில் பிறந்தார். நான்கு வயதிலேயே தகப்பனையும் தாயையும் இழந்து, உறவினர் கையில் பாசம் அறியாமல் வளர்ந்தார். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஆங்கிலம் கற்றுக்கொள்ள மிஷனரிகளிடம் போனார். போன இடத்தில் ஆண்டவரையே கண்டுகொண்டார்! 1904-ல், 15 வயதில் ஞானஸ்நானம் எடுத்தார். ஊழியத்துக்குப் படிக்கப்போகிறேன் என்றதும் வசதியான சித்தப்பா கைவிட்டார். அதோடு காசநோயும் வந்தது. பிழைக்கமாட்டார் என்றார்கள். ஆனால் கர்த்தர் எழுப்பி நிறுத்தினார்.

மீதியிருக்கிற ஜீவன் ஏழைகளுக்கே என்று வாலிபன் தீர்மானித்தார். 1909 டிசம்பர் 24. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள். நாமெல்லாம் புதுத்துணியும் கேக்கும் வாங்குகிற நாள். அன்றைக்கு 21 வயது ககாவா என்ன செய்தார் தெரியுமா? தன் சாமான்களைக் கைவண்டியில் ஏற்றி, கோபேயின் ஷின்காவா குடிசைப் பகுதிக்குத் தள்ளிக்கொண்டு போனார். ஊழியம் செய்துவிட்டுத் திரும்பி வர அல்ல, அங்கேயே குடியிருக்க! கொலை நடந்த வீடு, பேய் இருக்கிறது என்று ஜனங்கள் பயந்த வீடு. அதனால் வாடகை குறைவு. அதுதான் அவருடைய மிஷன் பங்களா!

அந்தச் சின்ன அறையில் வியாதிக்காரரும் குடிகாரரும் வந்து தங்கினார்கள். கொலை செய்து ஜெயிலுக்குப் போய் வந்த ஒருவர், ராத்திரி பயத்தில் ககாவாவின் கையைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவாராம். வந்தவர்களோடு தன் சாப்பாட்டையும் படுக்கையையும் பகிர்ந்தார். அதில் கண்நோய் ஒட்டிக்கொண்டது. வாழ்நாள் முழுவதும் பார்வை மங்கிப்போனது.

1913-ல் ஹாரு என்ற சகோதரியை விவாகம் செய்தார். அந்த அம்மாவும் குடிசைக்கே வந்து குடித்தனம் நடத்தினார்கள். 1914-ல் அமெரிக்காவிலுள்ள பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரிக்குப் படிக்கப் போனார். படித்து முடித்துத் திரும்பியதும் எங்கே போனார்? அதே ஷின்காவாவுக்குத்தான்!

விழுந்தவனைத் தூக்கினால் மட்டும் போதாது, அவன் விழுகிற குழியையும் மூடவேண்டும் என்று கண்டுகொண்டார். 1921-ல் கப்பல் கட்டும் தொழிலாளிகளுக்காக நின்று சிறைக்குப் போனார். ஏழைகள் நியாய விலையில் பொருள் வாங்க, அதே ஆண்டு கோபேயில் கூட்டுறவுச் சங்கம் ஆரம்பிக்க உதவினார். 1923-ல் தோக்கியோ பூகம்பத்தில் அழிந்தபோது, உடனே அங்கே ஓடினார்.

இது சமூக சேவைதானே, ஆத்தும ஆதாயம் எங்கே என்று கேட்டவர்களும் உண்டு. ஆனால் அவர் பிரசங்கத்தை விடவே இல்லை. 1930-களின் தொடக்கத்தில் ஜப்பான் முழுவதும் சுற்றிச் சுவிசேஷம் அறிவித்தார். 1938 டிசம்பரில் நம்முடைய தாம்பரத்தில் நடந்த சர்வதேச மிஷனரி மாநாட்டுக்கும் வந்திருந்தார். 1960 ஏப்ரல் 23-ல் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.

பிரியமானவர்களே, நம்ம பட்டணத்திலும் ஆற்றங்கரையிலும் ரயில்வே லைன் ஓரத்திலும் ஜனங்கள் இருக்கிறார்கள். வருஷத்துக்கு ஒருநாள் பிரியாணிப் பொட்டலமும் கைப்பிரதியும் கொடுத்து, போட்டோ எடுத்துவிட்டு வந்தால் ஊழியம் முடிந்ததா? அந்தத் தெருவில் ஒருவருடைய பெயராவது நமக்குத் தெரியுமா? நம்ம இயேசு பரலோகத்திலிருந்து பொட்டலம் அனுப்பவில்லை, தாமே இறங்கி வந்து நம் நடுவில் குடியிருந்தார்.

எல்லாரும் வீடு மாறவேண்டியதில்லை. இந்த மாதம் ஒரு தெரு, ஒரு குடும்பம். போங்க, பாயில் உட்காருங்க, அவர்கள் கொடுக்கிற டீயைக் குடியுங்க, கஷ்டத்தைக் கேளுங்க, கைபிடித்து ஜெபம்பண்ணுங்க. அடுத்த வாரமும் போங்க. அந்தப் பாரத்தைக் கர்த்தர்தாமே நமக்குத் தருவாராக. ஆமென்.