சோட்டா நாகபுரியின் அப்போஸ்தலர்

பெல்ஜியம் நாட்டின் மூர்ஸ்லேட் என்னும் சிற்றூரில், 1856-ஆம் ஆண்டு ஏப்ரல் 10-ஆம் நாள், ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தவர் கான்ஸ்டன்ட் லீவன்ஸ். சேசு சபையில் சேர்ந்து 1880-இல் நம் நாட்டிற்கு வந்தார். 1883-இல் குருப்பட்டம் பெற்றார்.

1885-இல் சோட்டா நாகபுரிக்கு அனுப்பப்பட்டார். இன்று ஜார்க்கண்ட் மாநிலத்தில் உள்ள அம்மலைநாட்டில் முண்டா, உராவோன் முதலிய பழங்குடியினர் வாழ்கின்றனர். காட்டைத் திருத்தி வயலாக்கியவரின் சந்ததியாருக்கே அந்நிலம் சொந்தம் என்பது முண்டாக்களின் தொன்றுதொட்ட வழக்கம். ஆனால் வெளியிலிருந்து வந்த ஜமீன்தார்கள் அந்நிலத்திற்கு வரி கேட்டனர். கூலியின்றி வேலை வாங்கினர். கட்டிய பணத்திற்கு ரசீதும் தருவதில்லை. எதிர்த்தவர்கள் நீதிமன்றத்திற்கு இழுக்கப்பட்டனர். அங்கே பேசும் மொழியும் சட்டமும் அறியாத அவ்வேழைகள், நியாயம் தம் பக்கம் இருந்தும் தோற்றனர்.

தோர்பா என்னும் ஊரில் தங்கிய தந்தை லீவன்ஸ் இதைக் கண்டு மனம் கலங்கினார். பிரசங்கம் மட்டும் போதாது என உணர்ந்தார். முண்டாரி மொழியைக் கற்றார். நில வழக்கங்களையும் சட்டத்தையும் ஆராய்ந்தார். வழக்கு நடத்த அம்மக்களுக்கு வழிகாட்டினார். தம் பக்கமும் ஒருவர் இருக்கிறார் என்று கண்ட மக்கள் திரள் திரளாக வந்தனர். பல்லாயிரம் பேர் ஞானஸ்நானம் பெற்றனர். குடிகளைத் தூண்டிவிடுகிறார் என்ற பழியும் அவர்மீது விழுந்தது.

ஓய்வின்றி உழைத்த அவரைக் காசநோய் பற்றியது. 1892-இல் தாயகம் திரும்பி, 1893 நவம்பர் 7-ஆம் நாள் தமது 37-ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார்.

பின்னர் பிர்சா முண்டாவின் கிளர்ச்சி எழுந்தது. 1908-இல் சோட்டா நாகபுரி குத்தகைச் சட்டம் பிறந்தது. அதற்குச் சேசு சபைத் தந்தை ஹாஃப்மன் பெரிதும் உதவினார். பழங்குடியினர் நிலத்தைப் பிறர் எளிதில் வாங்க முடியாதபடி அது இன்றும் காக்கிறது. 1993-இல் தந்தை லீவன்ஸின் எலும்புகள் ராஞ்சிக்குக் கொண்டுவரப்பட்டன.

அமெரிக்காவில் செரோக்கி மக்களின் மண்ணில் ஜார்ஜியா மாநிலச் சட்டம் செல்லாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1832-இல் தீர்ப்பளித்தது. ஆயினும் 1838-இல் அவர்கள் விரட்டப்பட்டனர், ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். தீர்ப்பு இருந்தால் மட்டும் போதாது, துணை நிற்பவரும் வேண்டும்.

அன்புத் தோழியரே! பட்டாவுக்கு மனு எழுதத் தெரியாமல் தவிப்போர் நம் எண்ணூர், திருவொற்றியூர்ப் பகுதிகளிலும் உண்டு. நாம் கற்ற எழுத்து அவர்களுக்கும் உதவட்டும்!