ஓஃபா மன்னனின் நாணயம்

நாணயம் என்ற தமிழ்ச்சொல் காசையும் குறிக்கும், நேர்மையையும் குறிக்கும். ஆங்கிலோ-சாக்சன் மன்னன் ஓஃபாவின் வாழ்வில் இவ்விரண்டும் ஒன்றுசேரவில்லை.

இங்கிலாந்து அன்று பல சிற்றரசுகளாகப் பிரிந்து கிடந்தது. நடுநாட்டு அரசு மெர்சியா. அதன் மன்னன் 757ஆம் ஆண்டில் தன் மெய்க்காவலராலேயே கொலையுண்டான். பின்னர் எழுந்த போரில் எதிரியை விரட்டி ஓஃபா முடிசூடினான். கென்ட், சசெக்ஸ் நாடுகள் அவனுக்குப் பணிந்தன. வேல்ஸ் எல்லையில் அவன் எழுப்பிய நெடிய மண்கரை இன்றும் அவன் பெயரால் வழங்குகிறது.

வாளால் பெற்ற ஆட்சியை அவன் காசாலும் நிலைநாட்ட முனைந்தான். ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே கென்ட் மன்னன் ஈட்பால்டின் பெயரில் பொற்காசுகள் வெளிவந்திருந்தன. ஆனால் வரவரக் காசில் பொன் குறைந்து வெள்ளி மிகுந்தது. அந்நூற்றாண்டு முடியுமுன் பொற்காசு அடிப்பதே நின்று, வெள்ளிக்காசு வந்தது. பின்னர் அதுவும் தரம் கெட்டது. ஓஃபா தரம் உயர்ந்த, மெல்லிய, அகன்ற வெள்ளிப் பென்னிகளில் தன் பெயரைப் பொறித்தான். அரசி சினித்ரித்தின் பெயரிலும் காசு வெளிவந்தது. அப்பெருமை பெற்ற ஆங்கிலோ-சாக்சன் அரசி அவள் ஒருத்தியே.

அவன் பெயர் தாங்கிய பொற்காசு ஒன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எடை ஏறத்தாழ நாலேகால் கிராம். அது கலீபா மன்சூர் ஹிஜ்ரி 157இல், அதாவது கி.பி. 773-774இல், வெளியிட்ட தீனாரைப் பார்த்துச் செய்தது. இசுலாமிய நம்பிக்கையைக் கூறும் அரபு வரிகளுக்கு நடுவே, தலைகீழாக, ஓஃபா அரசன் என்று இலத்தீனில் பொறித்திருக்கிறது. அரபு தெரியாத கம்மியன் ஒருவன் எழுத்தைக் கோலமாக எண்ணிச் செதுக்கியிருக்க வேண்டும். கிறித்தவ மன்னனுக்கு இது எதற்கு? கடல் கடந்த வணிகர் கலீபாவின் பொன்னை நம்பினர். அந்த நம்பிக்கையில் ஓஃபா பங்கு கேட்டான் என்று கொள்வதே பொருத்தம்.

காசுக்கு நம்பிக்கை தேடியவன் மனிதருக்கு அதை அளிக்கவில்லை. 794இல் கிழக்கு ஆங்கிலிய மன்னன் ஈதல்பெர்ட்டின் தலையை வெட்டுவித்தான். தன் மகன் எக்ஃபிரித்துக்குத் தான் உயிரோடிருக்கும்போதே, 787இல், அரசனாகத் திருநிலைப்பாடு செய்வித்தான். அம்மகனுக்காகவே அவன் இவ்வளவு இரத்தம் சிந்தினான் என்று அக்காலத்து அறிஞர் அல்குயின் வருந்தினார்.

796 சூலையில் ஓஃபா மறைந்தான். மகன் ஆண்டது 141 நாள். குருதி சிந்திக் காத்த வழிமுறை அவ்வாண்டே அற்றது. வெள்ளிப் பென்னியோ ஏறத்தாழ ஐந்து நூற்றாண்டுகள் இங்கிலாந்தின் முதன்மைக் காசாக வாழ்ந்தது.

ஆய்வுக்கூடத்தில் உலோகத்தின் மாற்றைச் சில மணி நேரத்தில் கண்டுவிடுகிறோம், நண்பர்களே. மனிதனின் மாற்றைக் காணக் காலம்தான் உரைகல்.