எந்திரத்துக்கு ஞாபகசக்தி கொடுத்தவர்

செல்போனில் ஒருவர் கடிதம் எழுதுகிறார். ஒரு சொல்லை முடித்ததும், அடுத்த சொல்லைச் செல்போனே எடுத்துக் காட்டுகிறது. அவர் அடிக்கடி எழுதும் சொல் அது! தன்னை உபயோகிப்பவரின் பழக்கத்தைக் கவனித்து, அதற்குத் தக்கபடி அது தன் வேலையை மாற்றிக்கொள்கிறது.

பார்த்துப் பழகி மாறும் எந்திரங்களை, டிரான்சிஸ்டர் ரேடியோ கடைக்கு வருவதற்கு முன்பே செய்து காட்டினார் ஒருவர். அவர் பெயர் கிளாட் ஷானன். அமெரிக்க நாட்டு விஞ்ஞானி.

முள்கம்பியில் தந்தி

ஷானன் 1916-ம் ஆண்டு ஏப்ரல் 30-ந் தேதி மிச்சிகன் மாநிலத்தில் பிறந்தார். கேலார்டு என்ற சிற்றூரில் வளர்ந்தார். தந்தை நீதிபதி. தாயார் பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியை.

நண்பன் வீடு அரை மைல் தூரத்தில் இருந்தது. இரண்டு வீடுகளுக்கும் இடையே முள்கம்பி வேலி ஓடியது. அந்தக் கம்பியையே தந்திக் கம்பியாக்கி, நண்பனுக்குச் செய்தி அனுப்பினான் சிறுவன் ஷானன்.

1936-ல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மின்சாரப் பொறியியல், கணிதம் இரண்டிலும் பட்டம் பெற்றார். பிறகு மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் சேர்ந்தார்.

அந்தக் காலத்து டெலிபோன் நிலையங்களில் ரிலே என்ற சிறு மின்சாரக் கருவி ஆயிரக்கணக்கில் இருக்கும். அதற்குத் தெரிந்த வேலை இரண்டே இரண்டுதான். மின்சாரத்துக்கு வழி திறக்கும், அல்லது மூடும். திறப்பதை ஆம் என்றும், மூடுவதை இல்லை என்றும் வைத்துக்கொண்டால், ரிலேக்களை இணைத்தே கணக்குப் போடலாம், முடிவு எடுக்கலாம் என்று 1937-ல் ஷானன் நிரூபித்தார். அப்போது அவருக்கு வயது 21! கம்ப்யூட்டர்கள் அந்த அஸ்திவாரத்தின் மேல்தான் எழுந்தன.

1941-ல் பெல் டெலிபோன் ஆராய்ச்சிக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தார். துணியை முழத்தால் அளப்பதுபோல், செய்தியையும் அளக்கலாம் என்று 1948-ல் காட்டினார். அந்த அளவின் பெயர் பிட். உலகப்புகழ் அவரைத் தேடி வந்தது.

வழி கற்ற எலி

1949-ல் எலிசபெத் என்ற பெண்ணை மணந்தார். அவரும் அதே கூடத்தில் கணித வேலை பார்த்தவர். அடுத்த ஆண்டு ஷானன் ஒரு மர எலி செய்தார். கம்பிகளைப் பொருத்த மனைவி துணை செய்தார்.

எலி ஓடுவதற்கு 25 சதுரங்கள் கொண்ட ஒரு மேடை. நடுவே சிறு சுவர்கள். சுவர்களைக் கழற்றி இடம் மாற்றலாம். எலிக்குச் செம்புக் கம்பியில் மீசை, வயிற்றில் காந்தம். மேடைக்கு அடியில் இன்னொரு காந்தம் மோட்டாரால் நகர்ந்து எலியை இழுத்துச் செல்லும்.

முதல் தடவை எலி திண்டாடும். சுவரில் முட்டும், திரும்பும், வேறு பக்கம் போகும். எப்படியோ இலக்கை அடைந்துவிடும். இரண்டாம் தடவை? எங்கும் முட்டாமல் நேரே ஓடும்!

ரகசியம் மேடைக்கு அடியில் இருந்தது. ஒவ்வொரு சதுரத்துக்கும் இரண்டு ரிலேக்கள். அந்தச் சதுரத்தைவிட்டு எலி கடைசியாக எந்தத் திசையில் போனது என்பதை அவை ஞாபகம் வைத்துக்கொள்ளும். சுவரை மாற்றினால், எலி மறுபடி தடவித் தடவிப் புது வழியைக் கண்டுபிடிக்கும். பழைய ஞாபகம் அழிந்து, புதியது பதியும்.

ஒற்றையா, இரட்டையா?

எலி சுவரைக் கற்றது. அடுத்து, மனிதனையே கற்கும் எந்திரம் வந்தது.

கைக்குள் புளியங்கொட்டையை மூடிக்கொண்டு ஒற்றையா, இரட்டையா என்று குழந்தைகள் கேட்பார்கள் அல்லவா? ஏறக்குறைய அதுபோன்ற விளையாட்டுத்தான். இடது, வலது இரண்டில் ஒன்றை மனிதன் தேர்ந்தெடுக்க வேண்டும். எது என்று எந்திரம் முன்கூட்டியே ஊகிக்கும். டேவிட் ஹேகல்பார்கர் என்ற சக விஞ்ஞானி அப்படி ஒன்றை முதலில் செய்தார். 1953-ல் ஷானன் அதைவிட எளிய எந்திரம் ஒன்றைச் செய்தார்.

ஆடுகிறவர் ஜெயித்தபின் அதே பக்கத்தைப் பிடிக்கிறாரா, மாற்றுகிறாரா? தோற்றபின் என்ன செய்கிறார்? இப்படி எட்டுவிதச் சூழ்நிலைகளை எந்திரம் குறித்துக்கொள்ளும். ஒரே சூழ்நிலையில் இரண்டு முறை ஒரேமாதிரி நடந்துகொண்டால் போதும். மூன்றாம் முறையும் அப்படியே செய்வார் என்று ஊகிக்கும். பழக்கம் பிடிபடாவிட்டால், குருட்டாம்போக்கில் ஏதோ ஒன்றைச் சொல்லும்.

மனம்போனபடி ஆடுவதாகத்தான் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் எந்திரமே அதிகமாக ஜெயித்தது!

அது மனத்தைப் படிக்கவில்லை. பழக்கத்தைப் படித்தது. அது எப்படி நினைக்கிறது என்று தெரிந்துகொண்டு ஆடுபவர், நான்கில் மூன்று முறை அதை வென்றுவிடலாம் என்பதையும் ஷானனே கணக்கிட்டுச் சொன்னார். தெரியாதவர் தோற்றார், தெரிந்தவர் ஜெயித்தார்.

இன்று சொல்லை எடுத்துக் கொடுக்கும் செல்போனும், விரும்பும் பாட்டைத் தேடித் தரும் கருவியும் எத்தனையோ மடங்கு பெரியவை. ஆனால், முன்பு செய்ததை வைத்து அடுத்ததை ஊகிப்பது என்ற அடிப்படை அதேதான். அவற்றோடு பழகுபவருக்கும் ஷானனின் கணக்கு பொருந்தும்.

கடைசிக் காலம்

1956-ல் ஷானன் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்துக்குத் திரும்பி, பேராசிரியரானார். ஒற்றைச் சக்கர சைக்கிள் ஓட்டுவார். பந்துகளை மேலே வீசிப் பிடித்து வித்தை காட்டுவார். 1985-ல் ஜப்பானின் கியோட்டோ பரிசு அவருக்குக் கிடைத்தது.

பிறகு அல்சைமர் என்ற மறதி நோய் அவரைப் பற்றியது. சிறிது சிறிதாக எல்லாம் மறந்தது. மர எலிக்கு ஞாபகம் கொடுத்தவருக்குத் தம் ஞாபகம் தங்கவில்லை. தாம் போட்ட அஸ்திவாரத்தின் மேல் இன்டர்நெட்டும் செல்போனும் உலகெங்கும் பரவியதை உணர முடியாத நிலையில், ஒரு பராமரிப்பு இல்லத்தில் கடைசி ஆண்டுகளைக் கழித்தார்.

2001-ம் ஆண்டு பிப்ரவரி 24-ந் தேதி காலமானார். வயது 84. கல்யாணமாகி ஐம்பது ஆண்டுகளுக்கும் மேல் உடனிருந்த எலிசபெத் 2017-ல் மறைந்தார். இருவரும் சேர்ந்து செய்த எலி, மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் பொருட்காட்சிசாலையில் பத்திரமாக இருக்கிறது.