குடிநீர் காத்த மருத்துவர் ஜான் ஸ்னோ

கண்ணுக்குத் தெளிவாகத் தோன்றும் நீரிலும் கொடிய நோய் மறைந்திருக்கக்கூடும். இவ்வுண்மையை உலகுக்கு எடுத்துக்காட்டிய பெருமக்களுள் ஒருவர் டாக்டர் ஜான் ஸ்னோ.

இவர் 1813ஆம் ஆண்டு மார்ச் 15ஆம் நாள், இங்கிலாந்தின் யார்க் நகரில் ஓர் ஏழைத் தொழிலாளியின் தலைமகனாகப் பிறந்தார். உடன்பிறந்தோர் எண்மர். தந்தையார் நிலக்கரிக் கிடங்கில் உழைத்தவர். வறுமையிலும் பெற்றோர் மகனைப் படிக்க வைத்தனர். 14ஆம் வயதில் நியூகாசிலில் ஒரு மருத்துவரிடம் தொழில் பயிலச் சேர்ந்தார். அங்கே காலரா என்னும் வாந்திபேதி பரவியபோது, சுரங்கத் தொழிலாளர்க்குச் சிகிச்சை செய்ய அனுப்பப்பட்டார். சுரங்கத்தினுள் கழிப்பிடம் இல்லை. கை கழுவ வசதியும் இல்லை. அந்நிலையிலேயே அவர்கள் உணவுண்டனர். நோய் பரவ இதுவும் ஒரு வழி என்று பின்னாளில் ஸ்னோ தம் நூலில் சுட்டிக்காட்டினார்.

1836இல் இலண்டன் சென்று, 1844இல் மருத்துவப் பட்டம் பெற்றார். வலி தெரியாமல் சிகிச்சை செய்ய உதவும் மயக்க மருந்துத் துறையில் வல்லுநரானார். 1853இல் விக்டோரியா மகாராணியாரின் பிரசவத்தின்போது குளோரோபார்ம் கொடுத்தவர் இவரே. அரண்மனை வரை புகழ் எட்டியும், ஏழைகளை வாட்டிய காலராவை அவர் மறக்கவில்லை.

துர்நாற்றம் கலந்த காற்றே காலராவுக்குக் காரணம் என்று அக்கால அறிஞர் பலர் நம்பினர். ஸ்னோவோ, முதலில் குடலைத் தாக்கும் நோய் வாய்வழியாகவே உட்புக வேண்டும் எனக் கருதினார். 1849இல் இதனை நூலாக வெளியிட்டார். ஏற்றுக்கொண்டோர் சிலரே.

1854 ஆகஸ்ட் மாத இறுதியில், இலண்டனின் பிராட் தெருப் பகுதியில் காலரா மூண்டது. பத்து நாளில் ஐந்நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஸ்னோ அஞ்சாது வீடுவீடாகச் சென்று விசாரித்தார். இறந்தோருள் பெரும்பாலோர் அத்தெருவின் பம்புக் கிணற்று நீரைப் பருகியவர்கள். அருகிலிருந்த ஏழையர் விடுதியில் 535 பேர் வாழ்ந்தும் ஐவரே இறந்தனர். அங்கே தனிக் கிணறு இருந்தது. தொலைவிலிருந்த ஹாம்ப்ஸ்டெட்டில் ஒரு மூதாட்டி இறந்தார். சுவை கருதி அந்நீரையே அன்றாடம் வண்டியில் தருவித்துப் பருகியவர் அவர்!

ஸ்னோ தம் சான்றுகளை ஊர்ப் பொறுப்பாளர்முன் வைத்தார். செப்டம்பர் 8ஆம் நாள் பம்பின் கைப்பிடி கழற்றப்பட்டது. மக்கள் பலர் ஊரைவிட்டு ஓடியதால் நோய் அதற்கு முன்பே தணியத் தொடங்கியிருந்தது. எனினும் நச்சுநீர் மீண்டும் பரவும் வழி அடைபட்டது. ஸ்னோவின் கருத்தைத் தவறென்று நிறுவப் புறப்பட்ட பாதிரியார் ஹென்றி வைட்ஹெட், இறுதியில் அதனையே உறுதிப்படுத்தினார். நோயுற்ற ஒரு குழந்தையின் துணிகளை அலசிய நீர் கழிவுக்குழியில் கொட்டப்பட்டிருந்தது. அக்குழிக்கும் கிணற்றுக்கும் இடைவெளி மூன்றடிகூட இல்லை. கழிவு கிணற்றினுள் கசிந்திருந்தது.

அதே ஆண்டில் இரு தண்ணீர் நிறுவனங்களையும் ஸ்னோ ஒப்பிட்டார். கழிவு கலந்த தேம்ஸ் ஆற்று நீரைப் பெற்ற 10,000 வீடுகளுக்கு 315 பேர் வீதம் மாண்டனர். ஆற்றின் மேற்பகுதியிலிருந்து தூய நீர் பெற்ற வீடுகளில் அவ்வீதம் 37 மட்டுமே.

1858 ஜூன் 16ஆம் நாள், 45ஆம் வயதில் ஸ்னோ மறைந்தார். அவர் கூறியதை உலகம் முழுமையாக ஏற்றது அதன் பின்னரே. 1884இல் ஜெர்மானிய அறிஞர் ராபர்ட் கோக் காலராக் கிருமியை ஆராய்ந்து விளக்கினார்.

மாணவச் செல்வங்களே! நீரின் தெளிவையும் சுவையையும் மட்டும் கண்டு ஏமாறாதீர்கள். குடிநீரை நன்கு கொதிக்கவைத்து ஆற்றி, மூடிவையுங்கள். காய்ச்சிய நீரிலும் அழுக்குக் கை பட்டால் கிருமி சேரும். கழிவறை சென்றபின் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள். கிணற்றருகிலும் ஓடையிலும் குப்பை கொட்டாதீர்கள். கற்றோர் பலர் மறுத்தபோதும், வீடுவீடாக நடந்து உண்மையைத் தேடிய அத்தொழிலாளியின் மகனுக்கு நாம் செலுத்தும் நன்றி இதுவேயாகும்.