இராவதி கார்வே: அளந்ததும் அறிந்ததும்

பர்மாவில் பாயும் ஐராவதி ஆற்றின் பெயரைத் தம் பெயராகப் பெற்றவர் இராவதி கார்வே. தந்தையார் அந்நாட்டில் பொறியாளராகப் பணியாற்றிய காலத்தில், மராட்டியக் குடும்பத்தில் 1905 டிசம்பர் 15ஆம் நாள் பிறந்தார். ஏழாம் அகவையில் கல்வியின் பொருட்டுப் பெற்றோரைப் பிரிந்து புனே நகரம் சேர்ந்தார். புலம்பெயர்ந்தோர் வாழ்வை ஆராய்வதற்கு முன்பே, புலம்பெயர்தல் அவர் வாழ்வாகிவிட்டது.

பெர்குசன் கல்லூரியில் தத்துவம் பயின்றபின், பம்பாயில் சமூகவியலறிஞர் ஜி. எஸ். குர்யேயின் வழிகாட்டலில் 1928இல் முதுகலைப் பட்டம் பெற்றார். பெண்கல்விக்கே வாழ்வை ஈந்த தோண்டோ கேசவ் கார்வேயின் மருமகளானார். அப்பெருமகனாரும் மருமகள் மேற்படிப்புக்காகச் செருமனி செல்வதை விரும்பவில்லை. கணவர் தினகர் துணைநின்றார். அம்மையார் கடல் கடந்தார்.

பெர்லினில் அவருக்கு வாய்த்த நெறியாளர் ஆய்கன் பிஷர். மண்டையோட்டின் இடவல வேறுபாடு இனத்தைப் பொறுத்தது, அதுவே ஐரோப்பியரின் அறிவு மேன்மைக்குச் சான்று என்பது அவர் துணிபு. அம்மையார் 149 மண்டையோடுகளை அளந்தார். அவ்வேறுபாட்டிற்கும் இனத்திற்கும் தொடர்பே இல்லை என்று கண்டார். அயல்நாட்டு மாணவி, பட்டமோ ஆசிரியர் கையில். எனினும் ஆசிரியர் எதிர்பார்த்ததை விடுத்து, அளவு காட்டியதையே எழுதி 1930இல் முனைவரானார். சில ஆண்டுகளுள் பிஷரின் இனக்கொள்கை நாஜிக் கொடுமைக்கு அறிவுலக ஆடையாயிற்று என்பதை எண்ணுங்கால், அவ்வாய்வேட்டின் நேர்மை விளங்கும்.

1939இல் புனே டெக்கான் கல்லூரியில் சேர்ந்தபின், மண்டையோடுகளிலிருந்து மனிதரின் உறவுகளுக்கு அவர் ஆய்வு விரிந்தது. இந்திய உறவுமுறை பற்றிய அவர்தம் பெருநூல் 1953இல் வெளிவந்தது. வடபுலத்தில் மணமகள் புகுவது அறியாத ஊரில் அயலார் இல்லம்; தென்புலத்தில் தாய்மாமனே மாமனாராகவும் அத்தையே மாமியாராகவும் அமைதல் உண்டு. நாம் நாள்தோறும் வழங்கும் உறவுச்சொற்களில் ஒரு சமுதாய அமைப்பே பொதிந்திருப்பதை அவர் எடுத்துக்காட்டினார்.

அவர் நூலகத்துள் ஒடுங்கியவர் அல்லர். பண்டரிபுரம் செல்லும் அடியாரோடு தாமும் நடந்தார். ஒரே இறைவனைப் பாடிச் சென்றவர்கள் உண்ணும்போது சாதியால் பிரிந்தமர்ந்ததைக் கண்டு வருந்தி எழுதினார். கொய்னா அணையால் நிலமிழந்து பெயர்ந்தோரின் நிலையை ஆராய்ந்து 1969இல் நூலாக்கினார். மகாபாரத மாந்தரைக் குறைநிறையுடைய மனிதராகவே நோக்கிய மராத்தி நூலான ‘யுகாந்தா’ 1968இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது.

1970 ஆகஸ்டு 11ஆம் நாள் அவர் மறைந்தார். பெர்லினில் ஆசிரியரின் துணிபுக்கும், பண்டரிபுர வழியில் தம் மக்களின் பக்திக்கும் கண்ட உண்மையை விட்டுக்கொடாத உறுதியே அவர் வாழ்வு. ஆய்வாளருக்கு மட்டுமன்றிக் கவிஞருக்கும் வேண்டுவது அவ்வுறுதியே.